‘சப்ரெஷன்’: ஒரு சட்டச் சொல்லின் இந்திய வரலாறு

1956ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தின் ஆங்கிலப் பெயர் ‘சப்ரெஷன் ஆஃப் இம்மாரல் டிராஃபிக் இன் விமன் அண்ட் கேர்ள்ஸ் ஆக்ட்’. முப்பது ஆண்டுகள் கழித்து, 1986இல் அது திருத்தப்பட்டபோது பெயரும் மாறியது: ‘இம்மாரல் டிராஃபிக் (பிரிவென்ஷன்) ஆக்ட்’. ‘சப்ரெஷன்’ போய் ‘பிரிவென்ஷன்’ வந்தது. இந்தியில் ‘தமன்’ இருந்த இடத்தில் ‘நிவாரண்’ அமர்ந்தது. தமிழ்ச் செய்தித்தாள்களில் மட்டும் எதுவும் மாறவில்லை. பெரும்பாலும் அவை அன்றும் ‘விபச்சாரத் தடுப்புச் சட்டம்’ என்றே எழுதின, இன்றும் அவ்வாறே எழுதுகின்றன. தமிழ் வாசகரைப் பொறுத்தவரை அந்தச் சொல் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

ஆயினும் இந்தியச் சட்ட ஆங்கிலத்தில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக ‘சப்ரெஷன்’ புழங்கிவருகிறது. இக்காலத்தில் அது இரண்டு எதிரெதிரான பொருள்களை ஏற்றிருக்கிறது. அரசு எதையேனும் ‘சப்ரஸ்’ செய்தால் அது கடமை. குடிமகன் எதையேனும் ‘சப்ரஸ்’ செய்தால் அது குற்றம். ஒரே வினை, வினைமுதல் மாறியவுடன் அறமும் மாறிவிடுகிறது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சொல்லின் வழியாகவே பின்தொடர முடியும்.

1. வேரும் உறவும்

இலத்தீனில் ‘சப்’ என்றால் கீழ், ‘பிரேமெரே’ என்றால் அழுத்து. கீழ்நோக்கி அழுத்துதல் என்பதே மூலப்பொருள். அச்சகத்தைக் குறிக்கும் ‘பிரஸ்’, ஒடுக்குதலைக் குறிக்கும் ‘ஒப்ரஸ்’, ‘ரிப்ரஸ்’ ஆகியவையும் அதே வேரிலிருந்து வந்தவை. அரசியல் சொல்லாக இது இங்கிலாந்தில் நிலைபெற்றது எட்டாம் ஹென்றி காலத்தில். 1536 முதல் அவர் மடாலயங்களைக் கலைத்துச் சொத்துகளைக் கைப்பற்றியதை ஆங்கில வரலாறு ‘சப்ரெஷன்’ என்றே குறிக்கிறது. சட்ட உயிர் பெற்ற ஒரு நிறுவனத்தை மேலுள்ள அதிகாரம் ஓர் ஆணையால் இல்லாமல் ஆக்குவது என்பதே அங்கு பொருள்.

இப்பொருளில் இச்செயல் தமிழ் நிலத்தையும் தொட்டிருக்கிறது. இயேசு சபையை 1759இல் போர்ச்சுகல் தன் ஆட்சிப்பகுதிகளிலிருந்து வெளியேற்றியது. 1773இல் போப் பதினான்காம் கிளெமென்ட் சபையையே கலைத்தார். திருச்சபை வரலாற்றில் இதன் பெயரும் ‘சப்ரெஷன்’. மதுரை மிஷன் ஆளின்றித் தளர்ந்தது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு இயேசு சபையினர் நடத்திய பணி பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிக் கழகத்தின் கைக்கு மாறியது. 1814இல் சபை மீட்கப்பட்டது. 1830களின் இறுதியில் அவர்கள் மீண்டும் மதுரைக்கு வந்தனர். இங்கு கலைக்கப்பட்டது ஒரு நிறுவனம். கலைத்ததை மீட்கவும் முடிந்தது. சொல்லின் இந்தப் பழைய பொருளை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் அது அடைந்த மாற்றம் புலப்படும்.

இந்திய மொழிகளில் இதற்கு ஈடாக நின்ற சொற்களுக்கு வேறொரு மரபு உண்டு. வடமொழியின் ‘தம்’ என்ற வேர் பழக்குதலைக் குறிக்கும். ‘தமம்’ என்பது புலனடக்கம். யோக சூத்திரத்தின் இரண்டாம் சூத்திரத்திலேயே வரும் ‘நிரோதம்’ மனத்தின் அலைவுகளைத் தடுத்து நிறுத்துவது. பௌத்தத்தின் நான்கு உண்மைகளுள் மூன்றாவதும் நிரோதம்தான். திருக்குறளில் ‘அடக்கமுடைமை’ ஓர் அதிகாரம். இவை அனைத்திலும் அடக்குபவரும் அடக்கப்படுவதும் ஒரே ஆளிடம் உள்ளன. தன்னைத் தான் அடக்குவதால் இச்சொற்களுக்கு அறத்தின் மதிப்பு வந்தது. அடக்குபவர் ஒருவரும் அடக்கப்படுபவர் வேறொருவருமாகப் பிரிந்தவுடன் அதே சொற்கள் வசையாகின்றன. இந்தியில் புலன்களின் ‘தமன்’ போற்றத்தக்கது, மக்களின் ‘தமன்’ கண்டிக்கத்தக்கது. தமிழில் ‘அடக்கம்’ புகழ்ச்சி, ‘அடக்குமுறை’ குற்றச்சாட்டு.

தமிழ் வினையமைப்பு இப்பிரிவை இன்னும் துல்லியமாகக் காட்டுகிறது. அடங்கு–அடக்கு, ஒடுங்கு–ஒடுக்கு, மறைந்தது–மறைத்தது என்னும் இணைகளை இலக்கணிகள் தன்வினை, பிறவினை என்பர். கு. பரமசிவம் 1979இல் வெளிவந்த தம் ஆய்வில், வினையின் விளைவு யார்மேல் விழுகிறது என்பதைக் கொண்டு இவ்விணைகளை விளக்கினார். ‘கலகம் அடங்கியது’ என்பதும் ‘கலகத்தை அடக்கினர்’ என்பதும் ஒன்றல்ல என்று தமிழ் வினை ஒவ்வொரு முறையும் நினைவூட்டும். ஆங்கிலத்தின் ‘சப்ரெஷன்’ தொழிற்பெயர். அது காலம் காட்டாது, வினைமுதலையும் கேட்காது. எதனுடைய சப்ரெஷன் என்று சொன்னால் போதும், யாரால் என்று சொல்லத் தேவையில்லை. சட்டத் தலைப்புகளுக்கு இதைவிட வசதியான சொல் வேறில்லை.

2. தக்கி: பெயர் சூட்டிய பின் ஒழித்தல்

இந்திய நிர்வாகத்தில் இச்சொல்லுக்கு நிலையான இருக்கையைத் தந்தவர் வில்லியம் ஹென்றி ஸ்லீமன். பயணிகளோடு நட்பாகச் சேர்ந்து சென்று கழுத்தை நெரித்துக் கொன்று கொள்ளையடிக்கும் கூட்டத்தாரை மத்திய இந்தியாவில் 1830களில் வேட்டையாடிய அதிகாரி அவர். அவருடைய பணிக்கு அரசு இட்ட பெயரே தக்கி ‘சப்ரெஷன்’. 1839இல் அதனுடன் கொள்ளையும் சேர்ந்தது. துறையின் பெயர் ‘தக்கி மற்றும் டக்காய்ட்டி’ என்று நீண்டது.

‘தக்’ என்ற இந்திச் சொல் வடமொழி ‘ஸ்தக’ என்பதிலிருந்து வந்தது. மூடுதல், மறைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். வஞ்சகன், ஏமாற்றுபவன் என்ற பொதுப்பொருளில் மக்கள் அதை வழங்கிவந்தனர். தெற்கில் இத்தகைய கொலைகாரர்களுக்குச் சுருக்கிடுவோர் என்னும் பொருள்படும் ‘பான்சிகர்’ என்ற பெயரைச் சென்னையில் பணியாற்றிய மருத்துவர் ரிச்சர்ட் ஷெர்வுட் 1816இல் பதிவு செய்தார். மொழிக்கு மொழி பெயர் வேறாக இருந்தது. அவை எல்லாம் ஒரே கூட்டத்தின் ஒரே மரபு என்று நிறுவ ஒரே பெயர் தேவைப்பட்டது. 1836இல் கல்கத்தாவில் வெளிவந்த ஸ்லீமனின் ‘ராமசீயானா’ அந்த வேலையைச் செய்தது. அந்நூலின் முதன்மைப் பகுதி ஒரு சொற்பட்டியல்: தக்கர்களின் குழூஉக்குறி என்று அரசுச் சாட்சிகளாக மாறியவர்களிடமிருந்து திரட்டப்பட்ட அகராதி. தனி மொழி இருக்குமானால் தனி இனமும் இருக்க வேண்டும் என்ற ஊகத்துக்கு அது துணைநின்றது. குழூஉக்குறி தட்டார்களுக்கும் தரகர்களுக்கும் உண்டு. அவர்களைத் தனி இனம் என்று எவரும் கருதவில்லை.

அதே 1836இல் வந்த முப்பதாம் சட்டம் இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. சட்டம் வருவதற்கு முன்போ பின்போ, கம்பெனியின் எல்லைக்கு உள்ளேயோ வெளியேயோ, ஒருவர் தக்கர் கூட்டத்தைச் சேர்ந்திருந்தார் என்று மெய்ப்பிக்கப்பட்டால் போதும். கடுங்காவலுடன் ஆயுள் சிறை. எந்தக் கொலையை அவர் செய்தார் என்று காட்டத் தேவையில்லை. பண்பைக் குறிக்கும் ‘தக்கி’ என்ற பெயர், ஆளைக் குறிக்கும் ‘தக்’ என்ற பெயராக நீதிமன்றத்தில் உருமாறியது. மடாலயத்தை ஒழிக்கச் சொத்தையும் சாசனத்தையும் பறித்தால் போதும். தக்கியை ஒழிக்க ஆட்களைப் பிடிக்க வேண்டும், அவர்களுடைய பிள்ளைகளையும் கண்காணிக்க வேண்டும். ஜபல்பூரில் 1830களின் இறுதியில் தொடங்கிய தொழிற்பள்ளியில் அரசுச் சாட்சிகளும் அவர்கள் குடும்பத்தாரும் கூடாரமும் கம்பளமும் நெய்தனர்.

தக்கி முழுக்கவும் காலனியக் கற்பனையா என்பது வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் தீராத விவாதம். கிம் வாக்னர் அத்தகைய கொள்ளையர் உண்மையிலேயே இருந்தனர் என்கிறார். ஆனால் ஸ்லீமன் தீட்டிய ஒரே சமய மரபு என்ற சித்திரத்தை ஏற்பதில்லை. ராதிகா சிங்கா அந்த விசாரணைகள் வழியாக நிரூபணத்தின் விதிகளே எப்படித் தளர்ந்தன என்பதைக் காட்டுகிறார். கொலைகள் நடந்தன என்பதும், ‘சப்ரெஷன்’ என்ற சொல்லுக்கு ஏற்ற ஒற்றைப் பொருளாக அவை திரட்டிக் கட்டப்பட்டன என்பதும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியும்.

1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 310ஆம் பிரிவில் ‘தக்’ யார் என்று வரையறுத்தது. கொலையோடு கூடிய வழிப்பறிக்காகவோ பிள்ளை கடத்தலுக்காகவோ பிறரோடு ‘வழக்கமாக’ச் சேர்ந்திருப்பவரே தக். தண்டிக்கப்படுவது செயல் அன்று, பழக்கம். தக்கி, டக்காய்ட்டித் துறை 1904 வரை நீடித்தது. ஒழிக்க வேண்டியது ஒழிந்துவிட்டதாக அறிவித்துப் பல பத்தாண்டுகள் கழித்தும் துறை ஒழியவில்லை. அதன் இடத்தில் மத்தியக் குற்றப் புலனாய்வுத் துறை எழுந்தது. அதன் கவனம் விரைவில் அரசியல் இயக்கங்களின்மேல் திரும்பியது.

3. மலையில் ஒன்று, சமவெளியில் ஒன்று

இதே காலத்தில் இரண்டு வழக்கங்களும் இச்சொல்லின் கீழ் வந்தன: ஒரிசா மலைகளில் வாழ்ந்த, குயி என்னும் திராவிட மொழி பேசும் கோந்த் மக்களின் நரபலி, வடக்கிலும் மேற்கிலும் சில குலங்களில் நிலவிய பெண்சிசுக் கொலை.

அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கஞ்சம் மாவட்டத்தில் 1835இல் தொடங்கிய கும்சூர் போரின்போதுதான் கம்பெனிப் படை கோந்த் மலைக்குள் நுழைந்தது. போருக்குக் காரணம் வரி நிலுவை. நரபலி பற்றிய செய்தி அப்போரின் நடுவே கிடைத்தது. ஊர்கள் எரிக்கப்பட்டன, தலைவர்கள் தூக்கிலிடப்பட்டனர். 1845இல் இதற்கெனத் தனி முகமை ஏற்பட்டது. அதன் அதிகாரியாயிருந்த ஜான் கேம்ப்பெல் 1864இல் வெளியிட்ட நினைவு நூலின் தலைப்பிலேயே நரபலியின் ‘சப்ரெஷன்’ இடம்பெறுகிறது. பலியிடவென்று வைத்திருந்தோர் மீட்கப்பட்டனர் என்பது மறுக்க முடியாத நன்மை. அந்த நன்மையின் பெயரால் வரிக்கான போர் பின்னோக்கி அறப்போராக எழுதப்பட்டது என்பதும் ஆவணங்களிலேயே உள்ளது. நரபலி பற்றித் தெரிவதற்கு முன்பே படை மலையில் இருந்தது.

பெண்சிசுக் கொலையின் கதை வேறு. 1789இல் ஜோனதன் டங்கன் காசிப் பகுதியில் அதைக் கண்டறிந்து உடன்படிக்கை பெற்றார். கத்தியவாரில் அலெக்சாண்டர் வாக்கர் 1808இல் அதையே செய்தார். ஜான் வில்சன் 1855இல் எழுதிய வரலாறு அதை மேற்கிந்தியாவில் நடந்த ‘சப்ரெஷன்’ என்று தலைப்பிட்டது. ஆனால் 1870இல் சட்டம் வந்தபோது தலைப்பில் நின்ற சொல் ‘பிரிவென்ஷன்’. அச்சட்டம் செய்த ஏற்பாடுகள் கவனத்துக்குரியவை: குறிப்பிட்ட பகுதிகளை அறிவிக்கை செய்தல், அங்குள்ள குடும்பங்களின் பிறப்பு இறப்புகளைப் பதிதல், கூடுதல் காவலர்களை அமர்த்தி அச்செலவை அம்மக்களிடமே வசூலித்தல். கொலைகாரரை மட்டுமின்றிக் கொலை செய்யக்கூடும் என்று கருதப்பட்ட குலத்தை முழுவதுமாகப் பதிவேட்டில் ஏற்றியது அது. மறு ஆண்டே, 1871இல், குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. அதன் தலைப்பில் ‘சப்ரெஷன்’ இல்லை, ‘பதிவு’ மட்டுமே இருந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. தமிழ் மக்கள் அதற்குக் ‘கைரேகைச் சட்டம்’ என்று பெயரிட்டனர். சட்டத்தின் நோக்கத்தைச் சொல்லாமல், தம் உடம்பின்மேல் அது எங்கே பட்டதோ அதைச் சொன்ன பெயர் அது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகை தர மறுத்தவர்கள் சுடப்பட்டனர்.

4. ஒழிப்பிலிருந்து தடுப்புக்கு

ஒழித்தல் கடுமையானது, தடுத்தல் மென்மையானது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஒன்றை ஒழிக்க வேண்டுமானால் அது முதலில் இருக்க வேண்டும். இருக்கிறது என்று காட்டும் பொறுப்பாவது ஒழிப்பவருக்கு உண்டு. தடுப்புக்கு அந்தப் பொறுப்பும் இல்லை. இன்னும் நிகழாததே அதன் செயப்படுபொருள்.

வங்காளத்தில் 1930இல் நடந்த சிட்டகாங் ஆயுதக் கிடங்குத் தாக்குதலை அடுத்த ஆண்டுகளில், 1932இல் மாகாண அரசு இயற்றிய சட்டத்தின் பெயரில் பயங்கரவாத அட்டூழியங்களின் ‘சப்ரெஷன்’ இருந்தது. விடுதலைக்குப் பின் வந்த சட்டங்களின் பெயர்களை அதனோடு ஒப்பிடலாம். 1950இன் தடுப்புக் காவல் சட்டம், 1967இன் சட்டவிரோதச் செயல்கள் (தடுப்பு) சட்டம், 1985இன் ‘தடா’, 2002இன் ‘பொடா’ ஆகிய அனைத்திலும் நிற்பது தடுப்பு. அரசமைப்பின் 22ஆம் உறுப்பு தடுப்புக் காவலைத் தானே ஏற்றுக்கொண்டது. ஏ.கே. கோபாலன் சென்னை மாகாணத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1950 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் பெரும்பகுதியை நிலைநிறுத்தியது.

நெருக்கடி நிலையின்போது, 1976இல், அச்சுத் துறைமேல் வந்த சட்டத்தின் பெயர் ஆட்சேபத்துக்குரிய செய்திகளை வெளியிடுவதைத் ‘தடுத்தல்’. செய்தியை அமுக்குகிறோம் என்று எந்தச் சட்டமும் தன் தலைப்பில் சொல்வதில்லை. 1922இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்த 99அ பிரிவு ‘பறிமுதல்’ என்றது. 1928இல் பாரதியின் பாடல் நூல்களைச் சென்னை அரசு எடுத்துக்கொண்டதும் பறிமுதலாகவே நடந்தது. சத்தியமூர்த்தி சட்டமன்றத்தில் அதை எதிர்த்தார்.

அரசு தன் சட்டங்களை அடக்குமுறை என்று தானே அழைத்த அரிய தருணமும் ஒன்றுண்டு. ரௌலட் சட்டம் முதலியவற்றை ஆராய 1921இல் தேஜ் பகதூர் சாப்ரு தலைமையில் அமைந்த குழுவின் பெயரே ‘ரிப்ரெஸிவ் லாஸ் கமிட்டி’, அதாவது அடக்குமுறைச் சட்டங்கள் குழு. ரௌலட் சட்டம் 1922இல் நீக்கப்பட்டது. தற்செயலாக அதே 1921இல் கல்கத்தாவில் கிரிந்திரசேகர் போஸ் ‘ரிப்ரெஷன்’ என்ற உளவியல் கருத்து பற்றிய தம் ஆய்வேட்டை வெளியிட்டார். மறு ஆண்டு இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். தெரிந்தே அமுக்குவது ‘சப்ரெஷன்’, அறியாமலே அமுங்குவது ‘ரிப்ரெஷன்’ என்பது உளவியல் வகுப்பறையின் பாகுபாடு. அரசியல் வழக்கு இதை ஏறத்தாழத் தலைகீழாக்கியிருக்கிறது. அரசு தெரிந்து செய்யும் கொடுமையையே அது ‘ரிப்ரெஷன்’ என்கிறது.

‘சப்ரெஷன்’ முற்றாக மறையவில்லை. பன்னாட்டு உடன்படிக்கைகளின் வழி அது திரும்பிவந்தது. விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புக்கு எதிரான செயல்கள் பற்றிய 1982ஆம் ஆண்டுச் சட்டமும், கடற்போக்குவரத்து பற்றிய 2002ஆம் ஆண்டுச் சட்டமும் அப்பெயரைத் தாங்கின. 2012 பிப்ரவரியில் கேரளக் கடற்கரைக்கு அப்பால் இத்தாலியக் கப்பலிலிருந்து சுடப்பட்டு இரு மீனவர்கள் இறந்த வழக்கில் இந்த 2002ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பயன்படுத்த முயன்றபோது இத்தாலி கடுமையாக எதிர்த்தது. தம் கடற்படை வீரர்களைப் பயங்கரவாதிகளின் வரிசையில் நிறுத்தும் சட்டம் அது என்பது அவர்கள் வாதம். 2014 பிப்ரவரியில் மத்திய அரசு அச்சட்டத்தைக் கைவிட்டது. சட்டத்தின் பெயரும் மரபும் குற்றம் சாட்டப்பட்டவர்மேல் என்ன முத்திரை பதிக்கும் என்று கேட்க ஓர் அரசு இருந்தது. ஜபல்பூர் நீதிமன்றத்தில் நின்றவர்களுக்கு அப்படி ஓர் அரசு இல்லை.

5. வணிகமும் பெண்ணும்

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகவுரை, 1950 மே 9 அன்று நியூயார்க்கில் கையெழுத்தான உடன்படிக்கையைத் தன் ஆதாரமாகக் காட்டுகிறது. அதற்கு முன்பே 1923இல் கல்கத்தாவிலும் 1930இல் சென்னையிலும் 1933இல் வங்காளத்திலும் இதே ‘சப்ரெஷன்’ தலைப்பில் சட்டங்கள் வந்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் 1921இன் ஜெனீவா உடன்படிக்கை இருந்தது. எல்லாவற்றிலும் தலைப்பின் செயப்படுபொருள் ஒன்றே: ‘டிராஃபிக்’, அதாவது பெண்களை விற்று வாங்கும் வணிகம். பாலியல் தொழிலைச் செய்யும் பெண் அந்தத் தலைப்பில் ஒழிக்கப்பட வேண்டியவள் அல்லள், மீட்கப்பட வேண்டியவள்.

ஆனால் எட்டாம் பிரிவு பொது இடத்தில் அழைப்பதைக் குற்றமாக்கியது. இருபதாம் பிரிவு, ஒரு பெண்ணை ஓரிடத்திலிருந்து அகற்ற நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் தந்தது. தலைப்பு வணிகத்தை நோக்கியது, பிரிவுகளின் கை பெண்ணின்மேல் விழுந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த 1958 மே 1 அன்றே, தொழில் செய்யும் உரிமையை அது பறிக்கிறது என்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஓர் இளம்பெண் முறையிட்டார். அவருடைய மனு தள்ளுபடியாயிற்று. ஆனால் விரைவிலேயே வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் இருபதாம் பிரிவில் குறை கண்டது. 1963இல் உச்ச நீதிமன்றம் கௌசல்யா வழக்கில் அப்பிரிவு செல்லும் என்று முடித்தது. ஒழிக்கப்பட வேண்டிய வணிகம் தொடர்ந்தது, இடம்பெயர வேண்டியிருந்தது பெண். ‘தக்கி’ ‘தக்’காக மாறிய அதே வழியில் ‘டிராஃபிக்’ பெண்ணாக மாறியது.

இந்த உருமாற்றத்தைத் தமிழ்ப் பெயர் இன்னும் வெளிப்படையாகச் செய்துவிட்டது. ‘விபச்சாரத் தடுப்பு’ என்ற வழக்கில் வணிகம் இல்லை, விற்பவர் இல்லை, வாங்குபவரும் இல்லை. எஞ்சியிருப்பது ஒரு நடத்தை. அதைத் தமிழ் வழக்கு பெண்ணோடு மட்டுமே பொருத்திப் பார்க்கிறது. இதற்கு நேர்மாறாக, 1947இல் சென்னை மாகாணம் இயற்றிய தேவதாசிச் சட்டத்தின் தலைப்பு பொட்டுக்கட்டுதலைத் தடுப்பதாக மட்டுமே சொன்னது. மக்கள் வழக்கில் அது ‘தேவதாசி ஒழிப்புச் சட்டம்’ ஆயிற்று. தடுக்கப்பட்டது சடங்கு, ஒழிந்ததாகச் சொல்லப்பட்டது ஒரு பெண்குலம். 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் பாலியல் தொழிலாளர்களைக் காவல் துறை கண்ணியத்தோடு நடத்த வேண்டும் என்று பணித்தது. சட்டத்தின் பெயர் மாறி முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது.

6. உண்மையை அமுக்குதல்

இனி மறுபக்கம். வழக்கறிஞர்களின் பழைய இலத்தீன் தொடர்களில் ஒன்று ‘சப்ரெஸ்ஸியோ வேரி’: உண்மையை அமுக்குதல். வினைமுதல் இங்கு அரசு அன்று. வழக்காடுபவர், விண்ணப்பதாரர், வரி செலுத்துபவர். முக்கிய ஆவணம் ஒன்றைக் காட்டாமல் தீர்ப்புப் பெறுவது நீதிமன்றத்தையே ஏமாற்றும் மோசடி என்று செங்கல்வராய நாயுடு வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றும் எண்ணற்ற மனுக்கள் இத்தீர்ப்பின் துணையோடு தள்ளுபடியாகின்றன.

வரிச் சட்டத்தில் இச்சொல்லுக்கு விலையே உண்டு. கலால் சட்டத்தின் 11அ பிரிவின்படி, குறைவாகச் செலுத்திய வரியைக் கேட்க அரசுக்கு அன்று ஆறு மாதமே கெடு. ‘சப்ரெஷன்’ இருந்தால் ஐந்து ஆண்டு. 1995இல் புஷ்பம் பார்மசூட்டிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இச்சொல்லைப் படித்த முறை மொழியியலாளர்களுக்கு உவப்பானது. மோசடி, கூட்டுச்சதி, வேண்டுமென்றே பொய் உரைத்தல் ஆகிய கடுஞ்சொற்களின் நடுவே அது நிற்கிறது. ஆகவே அதையும் அதே கடுமையோடு, வரியைத் தவிர்க்கும் உள்நோக்கத்தோடு தெரிந்தே மறைத்தல் என்ற பொருளில்தான் கொள்ள வேண்டும். வெறும் விடுபடல் போதாது. ஒரு சொல்லை அது சேர்ந்திருக்கும் கூட்டத்தைக் கொண்டு அறியலாம் என்று 1957இல் எழுதிய ஜே.ஆர். ஃபெர்த், 1920களில் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். நீதிபதிகளின் விளக்க விதியும் மொழியியலின் விதியும் இங்கு ஒன்றுபடுகின்றன.

2017இன் சரக்கு, சேவை வரிச் சட்டம் இச்சொல்லை நேரடியாகவே வரையறுத்தது. அறிக்கையில் தெரிவிக்க வேண்டியதைத் தெரிவிக்காமை, அல்லது அதிகாரி எழுத்து மூலம் கேட்டும் தகவல் தராமை, ‘சப்ரெஷன்’ ஆகும். வரையறையில் உள்நோக்கம் இல்லை. வரி ஏய்ப்புக்காக என்ற நிபந்தனை 74ஆம் பிரிவின் வாசகத்தில் நிற்கிறது. அந்த நிபந்தனையை யார் மெய்ப்பிப்பது என்பதில்தான் வணிகர்களுக்கும் துறைக்கும் இடையே வழக்கு. 2023–24 நிதியாண்டு வரையிலான வரிக்குப் பிரிவு 73இல் தண்டத்தொகை வரியில் பத்து விழுக்காடு. 74இல் வரிக்குச் சமமான தொகை. சிறு வணிகர் ஒருவருக்கு இச்சொல்லின் பொருள் என்பது கடை நிலைப்பதா மூடுவதா என்ற கேள்வி.

அரசே தகவலை வெளியிடாமல் வைத்தால்? அதற்குச் சட்டத்தில் வேறு சொற்கள் உள்ளன. 2024 வரை நடைமுறையில் இருந்த 1872இன் சாட்சியச் சட்டத்தில் அது சிறப்புரிமை. 1923இன் சட்டத்தில் இரகசியம். 2005இன் தகவல் உரிமைச் சட்டத்தில் விலக்கு. பிரதமரின் பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய நீல நூலைக் காட்ட மறுத்த உத்தரப் பிரதேச அரசுக்கும் ராஜ் நாராயணுக்கும் இடையிலான வழக்கில், 1975 ஜனவரியில், அரசின் செயல்களை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்று நீதிபதி மேத்யூ எழுதினார். மறுப்பதற்கான காரணங்களில் நியாயமானவை பல. இருப்பினும் ஒரே செயலுக்குக் குடிமகனிடம் ஒரு பெயரும் அரசிடம் மூன்று பெயரும் இருப்பது மொழியின் தற்செயல் அன்று.

7. மொழிபெயர்ப்பவர் கையில்

தமிழில் இந்த ஒற்றைச் சொல் ஐந்தாறாகப் பிரிகிறது. கலகத்தை அடக்குகிறோம், மக்களை ஒடுக்குகிறோம், வழக்கத்தை ஒழிக்கிறோம், குற்றத்தைத் தடுக்கிறோம், உண்மையை மறைக்கிறோம், நூலைப் பறிமுதல் செய்கிறோம். எதைத் தேர்கிறோமோ அதுவே தீர்ப்பு. 1857ஐ ‘கலகம் அடக்கப்பட்டது’ என்று எழுதுபவரும் ‘புரட்சி ஒடுக்கப்பட்டது’ என்று எழுதுபவரும் ஒரே ஆங்கிலத் தொடரைத்தான் மொழிபெயர்க்கிறார்கள். ஆங்கிலம் மறைத்துவைக்கும் பக்கச் சார்பைத் தமிழ் வெளியே இழுத்துவிடுகிறது. ஆவணக் காப்பகத்தில் இச்சொல்லைச் சந்திக்கும் மாணவர் முதலில் செய்ய வேண்டியது தொழிற்பெயரை மீண்டும் வினையாக்குவது. யார் அடக்கினார், எதை அடக்குவதாகச் சொன்னார், உண்மையில் யார் உடம்பின்மேல் அது விழுந்தது? இம்மூன்றாம் கேள்விக்கான விடை பெரும்பாலும் சட்டத் தலைப்பில் இராது. பதிவேட்டிலும் சிறைக் குறிப்பிலும்தான் இருக்கும்.

2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது ‘தக்’ என்ற வரையறை இந்தியக் குற்றவியல் சட்டத்திலிருந்து நீங்கியது. பழைய சட்டத்தில் தக்கரை வரையறுத்த 310 என்ற எண், புதிய சட்டத்தில் கூட்டுக்கொள்ளைக்குப் போயிருக்கிறது. ஸ்லீமனின் துறைப் பெயரில் இருந்த இரு குற்றங்களில் ஒன்று போய்விட்டது, மற்றது அதன் எண்ணில் அமர்ந்திருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1952 ஆகஸ்ட் 31 அன்றே நீக்கப்பட்டது. ஆனால் ‘வழக்கமாக’ என்ற அந்தச் சிறு அடைமொழி, பழங்குற்றவாளிகள் பற்றிய மாநிலச் சட்டங்களிலும் சிறைக் கையேடுகளிலும் வாழ்ந்துகொண்டிருந்தது. சீர்மரபினரைப் பிறவியிலேயே அவ்வாறு கருதும் கையேட்டு விதிகளை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று செல்லாதவை என்றது. தக்கியை ஒழிக்கக் கிளம்பிய சட்டம் பிறந்து அப்போது நூற்றெண்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.